டினோஜா ரீச்சரின் பச்சை உடம்பு

பெனடிக்ற்றுக்கு முழங்கால் பிசகியபோது தோட்டவெளி ஊரில் பாதிப்பேர் வைத்தியர்களாகிவிட்டார்கள். ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்காகப் பந்தைத் தடுக்கப்போய் விழுந்தவனை நாலு பேர் தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினார்கள். ஒருவர் நோவெண்ணெய் கொண்டுவந்தார், ஒருவர் ஊர்க்கோழி முட்டை கொண்டுவந்தார். கழகத் தலைவர் தன் ஓட்டோவிலேயே முறிவு வைத்தியரிடம் ஏற்றிப் போய் ஏற்றி வந்தார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டது ஒரே கேள்விதான். "எப்ப திரும்பக் கிறவுண்டுக்கு வாறாய்?" அவன் திரும்ப விளையாட வேண்டும், அதற்கு ஊர் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்யும். இதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அதே கட்டிலில்தான் பிறகு அவன் மனைவி டினோஜா பெண்பிள்ளை ஒன்றைப் பெற்றுக்கொண்டு வந்து படுத்தாள். பார்க்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் ஆளில்லை. இத்தனைக்கும் பெனடிக்ற் கந்தோரில் எழுதுவினைஞர்; பந்து அவனுக்குப் பின்னேரப் பொழுதுபோக்கு. டினோஜாவுக்கோ விளையாட்டுத்தான் தொழில். பட்டினத்துக்குக் கிட்ட ஒரு பாடசாலையில் அவள் உடற்கல்வி ஆசிரியை.

அந்தப் பாடசாலையில் பெண்பிள்ளைகளுக்கு உதைபந்தாட்ட அணி என்று ஒன்று இருக்கிறதென்றால் அது அவள் உண்டாக்கியது. எருக்கலம்பிட்டியில் முஸ்லிம் வீடுகளுக்கு வீடு வீடாகப் போய் இருந்து, தேத்தண்ணி குடித்து, முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, தலைக்கு முக்காடு என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்துப் பிள்ளைகளைக் கேட்டு எடுத்தாள். தன் சொந்தக் கத்தோலிக்கச் சனத்தின் வீடுகளில் அதைவிடக் கூடப் பேச வேண்டியிருந்தது. பூசைக்குப் போகும் வழியில் "பொம்பிளப் பிள்ளையளக் கெடுக்கிறாய்" என்று சொன்னவர்களுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வணக்கம் சொன்னவள் அவள்.

இந்தக் கதையில் வில்லி என்று மாமியார் அருளம்மாவைக் காட்டினால் எழுத எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் அது பொய். மருமகளுக்குப் பால் சுரக்க வேண்டும் என்று விடியலில் கரைக்குப் போய்ப் பால்சுறா வாங்கிவந்து வறை வறுத்தவள் அவள்தான். காயச்சரக்கு அரைத்தாள், வேதுக்கு இலை அவித்துக் குளிக்க வார்த்தாள், வயிற்றுக்குப் பழைய சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிட்டாள். அந்த முதல் கிழமைகளில் மாமியின் கை இல்லாவிட்டால் தான் என்ன ஆகியிருப்பேன் என்று டினோஜாவே சொல்லுவாள். பிரச்சினை அருளம்மாவின் கையில் இல்லை, வாயில் இருந்த ஒரு சொல்லில்தான்.

பச்சை உடம்பு. பிள்ளை பெற்றவளின் உடம்பை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்லுவார்கள். இன்னும் ஆறாத உடம்பு, காற்றுப் படக்கூடாத உடம்பு, பாரம் தூக்கக்கூடாத உடம்பு. நல்ல சொல்தான். அன்பான சொல். அது எப்போது வாயில் வரும், எப்போது வராது என்று கவனித்தால்தான் வயிறு எரியும்.

கிணற்று மோட்டர் பழுதாகிப் பக்கத்து வளவில் இருந்து டினோஜா வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கியபோது அந்தச் சொல் வரவில்லை. கழகம் வென்ற ஞாயிற்றுக்கிழமை பெனடிக்ற் முழு அணியையும் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்தான். அடுப்படிப் புகைக்குள் நின்று தேங்காய் திருவி, நண்டு உடைத்துக் கறி வைத்து, அத்தனை பேருக்கும் பரிமாறியதும் அந்த உடம்புதான். கையைக் கழுவிக்கொண்டு "நல்ல உறைப்பு" என்று சொன்னார்கள். பச்சை என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு காலமை, பிள்ளை நித்திரையாக இருந்த நேரம், அவள் பழைய சப்பாத்தை மாட்டிக்கொண்டு படலையைத் திறந்தாள். ஓடக்கூட இல்லை, சும்மா நடக்கத்தான்.

"எங்க பிள்ளை, பச்சை உடம்போட?" என்றாள் அருளம்மா. முன்வீட்டுக்காரியும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து அதையே சொன்னாள். ரோட்டில் சைக்கிளில் போன ஒரு மனிதர், இவளுக்கு எந்த உறவும் இல்லாதவர், காலை ஊன்றி நிறுத்தி, "சோளகம் வீசுது தங்கச்சி, காத்துப் புகுந்திடும், உள்ள போங்கோ" என்று விட்டுப் போனார். எங்கள் பக்கத் தெருக்களில் கேட்பாரில்லாமல் திரியும் கழுதைகள் மட்டும்தான் அவளைப் பேசாமல் நடக்க விட்டன.

நடந்தாள். மறுநாளும் நடந்தாள். கரை மட்டும் போய்த் திரும்பினால் மூச்சு வாங்கியது. பிறகு அவ்வளவாக வாங்கவில்லை. அந்தத் தைரியத்தில் ஒரு பின்னேரம் வளவுக்குள் ஆருக்கும் தெரியாமல் இரண்டு தரம் துள்ளிப் பார்த்தாள். பிள்ளைகளுக்குப் பயிற்சிக்கு முன் செய்து காட்டும் அதே துள்ளல்தான். காலுக்கு நடுவே சூடாக நனைந்தது. சிறுநீர். தன் உடம்பு தன்னைக் கேளாமல் இப்படிச் செய்யும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. கிணற்றடியில் குந்தி இருந்து அழுதாள். பிறகு, அழுததற்காகத் தன்னோடேயே கோபித்துக்கொண்டாள்.

அவளுக்கு உண்மையில் உதவியது குடும்பநல மருத்துவிச்சி ஜெஸ்லியா மிஸ்ஸி. பிள்ளையை நிறுக்க ஸ்கூட்டரில் வந்தவளிடம் டினோஜா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ஜெஸ்லியா குரலைத் தாழ்த்தவில்லை. "கன பேருக்கு இருக்கு. வெக்கத்தில சொல்லுறேல்ல. இது மாறும். மூத்திரத்த அடக்குற மாதிரி கீழ இறுக்கி, வைச்சிருந்து, விடுங்கோ. படுத்துக்கொண்டு செய்யுங்கோ, பால் குடுக்கேக்க செய்யுங்கோ, பஸ்ஸுக்கு நிக்கேக்க செய்யுங்கோ. ஒருத்தருக்கும் தெரியவராது. நடையை விடாதைங்கோ. ஓட்டத்துக்கு மட்டும் அவசரப்படாதைங்கோ, நான் சொல்லுறன் எப்ப எண்டு." டினோஜா மனதுக்குள் கறுவினாள். மிளகு எவ்வளவு, மஞ்சள் எவ்வளவு என்று காயச்சரக்கு அரைக்க ஊர் முழுக்கத் தெரிகிறது. இதைச் சொல்ல மட்டும் ஒரு வாய் இல்லையே!

சொன்னபடி செய்தாள். பிரசவ லீவு முடியும்போது ஜெஸ்லியா தலையாட்டினாள்: மெல்ல ஓடலாம். முன்னைப்போல இல்லை, ஆனால் ஓடலாம். துள்ளினால் நனைவதும் அநேகமாக நின்றிருந்தது. வேலைக்குத் திரும்பும் காலமை சேலை உடுத்திக்கொண்டு, பையில் விளையாட்டு உடுப்பும் விசிலும் வைத்து, பால் கறந்து பிறிஜ்ஜில் வைத்து, பிள்ளையை மாமியிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். பஸ்ஸுக்குள்ளும் பையைத் திறந்து விசில் இருக்கிறதா என்று பார்த்தாள், பரீட்சைக்குப் போகும் பிள்ளை பேனையைப் பார்ப்பது மாதிரி.

ஆசிரியர் அறையில் புது நேரசூசி ஒட்டியிருந்தது. உடற்கல்விக்கு நேரே கணக்கு மாஸ்டரின் பெயர். உதைபந்தாட்ட அணிக்கும் அவர்தான். டினோஜாவின் பெயருக்கு நேரே நூலகம் என்றிருந்தது.

அதிபர் நல்ல மனிதர். இதுதான் கொடுமை. கெட்டவர் என்றால் சண்டை பிடிப்பது சுகம். அவர் எழும்பி நின்று, பிள்ளை எப்படி, பால் குடிக்குதோ, நித்திரை கொள்ளுதோ என்று எல்லாம் கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"பச்சை உடம்பு ரீச்சர். வெயிலுக்க நிண்டு விசில் ஊதுறதெல்லாம் இப்ப வேண்டாம். நூலகத்தில ஃபான் இருக்கு, ஆறுதலா இருங்கோ."

"நான் கேக்கேல்லயே சேர்."

"இல்லயில்ல, நான் சும்மா செய்யேல்ல. உங்கட அவரோட கதைச்சனான். பெனடிக்ற் என்ர பழைய மாணவன்தானே. அவர் ஓமெண்டவர்."

அவளுடைய வேலை, அவளுடைய அணி, அவளுடைய உடம்பு. மூன்றையும் பற்றி இரண்டு ஆண்கள் போனில் கதைத்து, ஓமென்று சொல்லி, சுகம் விசாரித்து வைத்துவிட்டார்கள். அவள் அந்த நேரம் அடுத்த அறையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டுகூட இருந்திருப்பாள்.

நூலகத்தில் ஃபான் இருந்தது உண்மைதான். புதிதாக வந்த பாடப்புத்தகப் பெட்டிகளும் இருந்தன, கீழே வராந்தாவில். மேல்மாடிக்கு ஏற்ற வேண்டும், ரீச்சர் ஒருக்காப் பாத்துச் செய்விச்சிடுங்கோ என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். செய்விக்க ஆளில்லை. பச்சை உடம்பு பெட்டி தூக்கிக்கொண்டு படி ஏறியது.

மத்தியானம் அணித்தலைவி றினோஸா நூலகத்துக்குள் வந்து கதவை மெல்லச் சாத்தினாள்.

"ரீச்சர், நீங்க கிறவுண்டுக்கு வர மாட்டீங்களாமே, உண்மையா?"

"ஆர் சொன்னது? பயிற்சி எப்பிடிப் போகுது?"

"பயிற்சியே இல்லை ரீச்சர். கணக்கு சேர் எங்களைக் கிறவுண்டச் சுத்தி நடக்க விடுறார். பிறகு மர நிழல்ல இருக்கச் சொல்லுறார். பந்து வயித்தில பட்டா நாளைக்குப் பிள்ளை பெறுறதுக்குக் கரைச்சலாம். கிறவுண்டு முழுக்கப் பொடியள்தான் இப்ப. வலயப் போட்டி வருது, நாங்க என்ன செய்யிறது?"

டினோஜா கையிலிருந்த புத்தகத்தை மேசையில் போட்ட சத்தத்தில் றினோஸா திடுக்கிட்டாள். பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பிள்ளை பெறப்போகிறாய், ஓடாதே. பெற்றவளுக்குப் பிள்ளை பெற்றுவிட்டாய், ஓடாதே. அப்படியென்றால் ஒருத்தி தன் உடம்பைத் தன்னுடையது என்று சொல்லி எப்போதுதான் ஓடுவது? இதைக் கணக்கு மாஸ்டரைக் கேட்டால் அவருக்கும் விடை வராது.

வீட்டுக்கு வந்தவள் சேலைகூட மாற்றவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்து முடிக்கும் வரைக்கும்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"அதிபர் உங்களோட கதைச்சவரோ?"

பெனடிக்ற் ரீவியை நிறுத்தினான். "ஓம். அது போன மாசம். உன்ர நன்மைக்குத்தானே கேட்டவர்."

"ஏன் என்னட்டச் சொல்லேல்ல?"

"சொன்னா நீ வேண்டாமெண்டுவாய்."

உண்மை பேசியதற்காக அவனை மெச்சுவதா, அடிப்பதா என்று தெரியாமல் அவள் நின்றாள். அந்த இடைவெளியில் அருளம்மா குசினியில் இருந்து வந்தாள். "அவன் செய்ததில என்ன பிழை பிள்ளை? பச்சை உடம்போட நீ கிறவுண்டில..."

"மாமி!" டினோஜா அந்த வீட்டில் அப்படிச் சத்தம் போட்டது அதுதான் முதல்தரம். "வாளியில தண்ணி தூக்கேக்க இந்த உடம்பு காஞ்சு போயிருந்ததோ? அவரின்ர முழு ரீமுக்கும் நண்டு காய்ச்சேக்க என்ன நிறமா இருந்தது? இண்டைக்கு மாடிக்குப் பெட்டி தூக்கினனான், தெரியுமோ? வீட்டு வேலைக்கு ஒருத்தரும் பச்சை எண்டுறேல்ல. நான் சப்பாத்துப் போட்டாத்தான் எல்லாருக்கும் ஞாபகம் வருது. இவரின்ர முழங்காலுக்கு ஊரே எண்ணெய் கொண்டுவந்தது. எனக்குத் துள்ளினா மூத்திரம் போனது மாமி. துள்ளுறதுதான் என்ர வேலை. அதுக்கு எண்ணெய் கொண்டுவந்தது ஆர்? என்னை மூலையில இருத்திறதுதான் மருந்தோ?"

பெனடிக்ற் நிலத்தைப் பார்த்தான். அருளம்மாவோ மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்லப் போகிறாள், பெரிய சண்டை வரப்போகிறது என்றுதான் டினோஜா நினைத்தாள்.

"அது உனக்கு நிண்டுட்டுதோ?" என்று கேட்டாள் அருளம்மா.

"என்ன மாமி?"

"அந்த... போறது. நிண்டுட்டுதோ?"

"ஓம். ஜெஸ்லியா மிஸ்ஸி சொன்னதைச் செய்ய நிண்டுட்டுது."

அருளம்மா கதிரையில் இருந்தாள். "எனக்கு இவன் பிறந்ததில இருந்து இருக்கு," என்றாள். மகனைக் கையால் காட்டினாள், அவன் இன்னும் தொட்டிலில் கிடக்கிற மாதிரி. "இருமினாப் போகும். சிரிச்சாப் போகும். பூசையில முழங்கால்ல இருந்து எழும்பேக்க போகும். அதுதான் நான் கடைசி வாங்கில கதவடியில இருக்கிறனான்."

அருளம்மா கோவிலில் கடைசி வாங்கில் இருப்பதை வைத்து ஊரே பகிடி விடும். பிரசங்கம் முடிய முதல் நழுவத்தான் என்பார்கள். சாமியாரே ஒருமுறை மைக்கில் சொல்லிச் சிரித்தார். பெனடிக்ற்றும் சேர்ந்து சிரித்தவன்தான். அவள் ஒரு நாளும் மறுத்துச் சொன்னதில்லை, சிரித்ததும் இல்லை.

"ஏன் மாமி ஒருத்தரிட்டயும் சொல்லேல்ல?"

"ஆரிட்டச் சொல்லுறது? இதென்ன முழங்காலே?"

டினோஜாவின் கோபம் போகவில்லை. மாமியிடம் இருந்து விலகி, போக இடம் தெரியாமல் அந்த வீடு முழுக்க நின்றது. முப்பது வருசம் ஒரு பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சீவித்திருக்கிறாள், ஒரு மனிசருக்கும் தெரியாது. பெனடிக்ற் எழும்பி வெளியே போய்க் கிணற்றுக்கட்டில் இருந்தான். வெட்கப்பட்டிருப்பான். படட்டும்.

மறுநாள் அருளம்மா நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு, ஜெஸ்லியாவைப் பார்க்கக் கிளினிக்குக்குக் கிளம்பிவிட்டாள். பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. பெனடிக்ற் தானாகவே கந்தோருக்கு லீவு சொன்னான். "நான் அதிபரோட கதைக்கட்டோ?" என்று கேட்டான். "நீங்க கதைச்சது காணும்," என்று சொல்லிவிட்டு டினோஜா பஸ்ஸுக்கு நடந்தாள்.

அதிபரின் அறையில் அவள் இருக்கவில்லை, நின்றுகொண்டே கதைத்தாள். தனக்கு ஓட ஏலும் என்றாள். மிஸ்ஸி பார்த்துச் சொல்லியிருக்கிறா என்றாள். பிள்ளைகளை மர நிழலில் இருத்தி வைத்து வலயப் போட்டிக்கு அனுப்பினால் பாடசாலைக்குத்தான் வெட்கம் என்றாள். பால் கொடுக்கும் தாய்க்கு நேரத்தோடு வீட்டுக்குப் போக இடமிருக்கே, பிறகு எப்படிப் பின்னேரப் பயிற்சி என்று அவர் கேட்டதற்கு, பயிற்சி நாளில் பிள்ளை இங்கே வரும், நான் இங்கேயே கொடுப்பேன் என்றாள். அதிபர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "விளங்குது ரீச்சர், விளங்குது," என்றார். "ஆனா நாளைக்கு உங்களுக்கு ஒண்டு நடந்தா ஆர் பொறுப்பு?" என்றார். அவள் திரும்பவும் முதலில் இருந்து சொன்னாள். மணி அடித்து ஒரு பாடம் முடிந்தது. இன்னொரு பாடமும் அரைவாசி போனது.

கடைசியில் அதிபர் "பொறுங்கோ" என்று போனை எடுத்தார். அவளுக்கு முன்னாலேயே பெனடிக்ற்றை அழைத்து, அவளும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார். அந்தப் பக்கம் பிள்ளை வீரிட்டுக்கொண்டிருந்தது.

"சேர், அவ சொன்னபடி செய்யுங்கோ," என்றான் பெனடிக்ற், பிள்ளையின் சத்தத்துக்கு மேலால். "கிறவுண்ட அவவிட்டயே குடுங்கோ."

"அப்ப சரி தம்பி. அப்ப பிரச்சினையில்ல," என்றார் அதிபர். முகம் தெளிந்துவிட்டது. நேரசூசியை மாற்றச் சொல்லி அப்போதே ஆளனுப்பினார்.

அன்றைக்குப் பின்னேரம் அவள் அணியோடு மைதானத்தில் இறங்கினாள். றினோஸா விட்ட கூச்சலில் பொடியள் பந்தை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் ஒதுங்கினார்கள். பிள்ளைகளோடு அரைவாசி மைதானம் ஓடி, உடம்பு போதும் என்றதும் நின்றாள். கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. ஆனாலும் அவளுக்கு உள்ளே கொதித்தது. ஒன்றரைப் பாட நேரம் தொண்டை வறள அவள் கதைத்ததற்கு இளகாத அதிபரின் மனம், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன் சொன்ன இரண்டு வசனத்துக்கு இளகியது. வீட்டுக்கு வந்தால், பெனடிக்ற் வாசலிலேயே நிற்கிறான். முகம் எல்லாம் பெருமை. "பாத்தியே? நான் சொன்ன உடன விட்டிட்டார்!" அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

விடிந்ததும் முதல் வேலையாக அவள் போனது அதிபரின் அறைக்குத்தான்.

"என்ன ரீச்சர், இன்னும் ஏதும் பிரச்சினையோ? எல்லாம் மாத்தியாச்சே."

"மாத்தினது சரி சேர். நீங்க இன்னும் என்னைக் கேக்கேல்ல."

"என்னத்தக் கேக்க?"

"என்ன கேக்கோணும் எண்டு உங்களுக்குத் தெரியும். அவரிட்ட ரெண்டு தரம் போன் எடுத்துக் கேட்டனீங்கள். என்னட்ட ஒருதரமும் கேக்கேல்ல. இப்ப கேளுங்கோ."

"அதுதான் குடுத்தாச்சே ரீச்சர், இனி எதுக்கு..."

"கேளுங்கோ சேர்."

அதிபர் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த பேனையை அங்கும் இங்குமாக நகர்த்தினார். வெளியே காலைக் கூட்டத்துக்குப் பிள்ளைகள் வரிசையாக நிற்கத் தொடங்கியிருந்தார்கள். அவள் அசைகிற மாதிரி இல்லை.

"டினோஜா ரீச்சர்," என்றார் கடைசியில். "உங்களுக்கு ஏலுமோ?"

"ஏலும்," என்றாள் அவள்.